ஓட்டக்காரருக்கு யோகா: மீட்சியா, மனச் சமாதானமா?

மெதுவோடி:

எனக்கு வயது 41. அரை மாரத்தானுக்காக வாரம் ஐந்து நாள் ஓடுகிறேன். போன வருடம் இரண்டு முறை பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் சும்மா உட்கார வேண்டியதாயிற்று. நான்கு மாதத்துக்கு முன்னால் யோகா ஆரம்பித்தேன். வாரம் மூன்று காலை, ஓடுவதற்கு முன் 40 நிமிடம். கொஞ்சம் சூரிய நமஸ்காரம், அப்புறம் பச்சிமோத்தானாசனம் மாதிரி முன்வளைவுகளில் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருப்பது, கடைசியில் சவாசனம். நேரம் போதாததால் எடைப் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

இதுவரை ஒரு இழுப்பும் இல்லை. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் படி இறங்கும்போது முனகுவதும் குறைந்திருக்கிறது. ஆனால் கூட ஓடும் நண்பர், "யோகா மனசுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான். உடம்பு அதனால் மீளாது" என்கிறார். என் கட்சி இது: ஓட்டக்காரருக்கு எடையைவிட யோகாதான் தேவை. மறுப்பவர்கள் வரலாம்.

எடைத்தட்டு:

வந்துவிட்டேன். பத்து வருடமாக விளையாட்டுக்காரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுக்கிறவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் செய்கிற நேரமே தப்பு. ஒரு தசையை அசையாமல் நெடுநேரம் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே வேலை வாங்கினால் அதன் பலம் குறைகிறது. 2016இல் வந்த தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) 60 விநாடியைத் தாண்டியவர்களுக்குச் சராசரியாக 4.6 சதவீதம் இழப்பு, அதற்குள் முடித்தவர்களுக்கு 1.1 சதவீதம். மெதுவாக ஓடுகிற நாளில் இது தெரியவே தெரியாது. வேக ஓட்ட நாளில் தெரியும்.

அடுத்தது மறுநாள் வலி. லாக்டிக் அமிலம் தேங்கி வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். வலிப்பது தசைநாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதம். 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். நீட்டினால் இது குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2011இல் தொகுத்தது. பயிற்சிக்குப் பின் நீட்டியவர்களுக்கு மறுநாள் வலி 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 1 புள்ளி குறைந்தது. பத்து இல்லை, ஒன்று.

கடைசியாக உங்கள் பின்தொடை. நார்டிக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் இறக்க வேண்டும். அதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2019இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. யோகாவுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தால் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சவாசனப்பிரியை:

நான் யோகா சொல்லிக்கொடுப்பவள். என் சாய்வும் தெரிந்ததுதான்.

எடைத்தட்டு சார் நீட்டுவதற்கு எதிராக வாதாடிவிட்டு, யோகாவைத் தோற்கடித்ததாக நினைக்கிறார். பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்றுதான். மூச்சு இருக்கிறது, அடங்கி உட்காருவது இருக்கிறது. விளையாட்டுக்காரருக்கு அதிகம் உதவுவது அந்தப் பாதிதான்.

மாலையில் வேக ஓட்டம் ஓடிவிட்டுப் படுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்பு களைத்திருக்கும், தூக்கம் வராது. இதயம் இன்னும் ஓட்டத்திலேயே இருக்கும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவுக்கு மூச்சை மெதுவாக்கினால், ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சை செயல் கூர்மையாகிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, யோக மந்திரத்தையும் கிறிஸ்தவ ஜெபமாலையையும் ஒப்பிட்டது. இரண்டுமே சொல்பவரின் மூச்சை அந்த ஆறுக்கே கொண்டுவந்தன. மீட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

நேரம் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் நிற்காமல் நகரும் சூரிய நமஸ்காரம் நாலைந்து சுற்று போதும். நீண்ட பிடிப்புகளை ஓட்டத்துக்குப் பிறகோ மாலையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். மெதுவோடிக்கு இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்தவர் விளையாட்டுக்காரர்களோடு பழகாதவராக இருக்க வேண்டும்.

கணக்கு கேட்டார். கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்து 10 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வந்தது. யோகா செய்த 14 பேருக்கு வளைவும் சமநிலையும் கூடின, செய்யாத 12 பேருக்குக் கூடவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார் 1976இல் யோகாவுக்கு வந்தார். கூடைப்பந்தை விட்டது 1989இல், 42 வயதில். தசைக் காயம் இல்லாமல் அத்தனை காலம் ஆடியதற்கு யோகாதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

குறுக்குக்கேள்வி:

மொத்தம் 26 பேர், அப்புறம் ஒரு அப்துல் ஜப்பார். யோகா செய்தும் முப்பதிலேயே முட்டி போய் வீட்டுக்குப் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லையே, அம்மா. நீண்ட நாள் ஆடியவர் எதைச் சொன்னாலும் காரணம் மாதிரிதான் தெரியும்.

மெதுவோடி, உங்களிடம் ஒரு கேள்வி. நான்கு மாதத்துக்கு முன்னால் யோகா வந்தது, சரி. அதே சமயத்தில் எதெல்லாம் போயிற்று? எடை மட்டும்தானா?

மெதுவோடி:

யோசித்துப் பார்த்தால்... முன்பு வாரம் ஆறு நாள் ஓடிக்கொண்டிருந்தேன், இப்போது ஐந்து. இரண்டு வேக ஓட்டங்களில் ஒன்று போய்விட்டது, காலையில் யோகாவும் வேக ஓட்டமும் சேர்த்து முடியவில்லை. ஐந்து மணிக்கு எழ வேண்டியிருப்பதால் இரவு பத்துக்கே படுத்துவிடுகிறேன். முன்பெல்லாம் பன்னிரண்டு ஆகும்.

எடைத்தட்டு:

அகப்பட்டது! வேக ஓட்டம் பாதி, ஓடும் நாள் ஒன்று குறைவு, கூடுதலாக இரண்டு மணி நேரம் முன்னால் படுக்கை. இதற்குப் பிறகும் தசை இழுத்திருந்தால்தான் ஆச்சரியம். பாராட்டு விழா மட்டும் பச்சிமோத்தானாசனத்துக்கு.

சவாசனப்பிரியை:

சிரியுங்கள். ஆனால் இதையும் சொல்லுங்கள்: "ஒரு நாள் குறைத்துக்கொள், சீக்கிரம் தூங்கு" என்று எத்தனை ஓட்டக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள்? எத்தனை பேர் கேட்டார்கள்? என்னிடம் வருகிற ஓட்டக்காரர்கள் யாரும் ஓய்வெடு என்றால் எடுப்பதில்லை. சும்மா இருப்பது அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி. விரிப்பை விரித்து ஒரு வேலை கொடுத்தால்தான் நிற்கிறார்கள். இவர் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியதே யோகாவால்தானே? அதை யோகாவின் கணக்கிலிருந்து எப்படிக் கழிப்பீர்கள்?

குறுக்குக்கேள்வி:

இது நல்ல அடி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று, அப்படியென்றால் ஆசனத்தின் பெயர் முக்கியமில்லை. அந்த நேரத்தில் பல்லாங்குழி ஆடியிருந்தாலும் ஒரு நாள் ஓட்டம் குறைந்திருக்கும்.

சவாசனப்பிரியை:

பல்லாங்குழி ஆடுகிறவர் ஐந்து மணிக்கு எழுந்து ஆடமாட்டார்.

தடகளப்பழசு:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஒரு காலத்தில் நீளம் தாண்டியவள். பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்த உடம்பு எனக்கு, முழங்கை பின்பக்கமாக வளையும். வளையாதவர்களுக்கு யோகா என்ன செய்யும் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். ஏற்கனவே வளைகிறவர்களுக்கு என்ன செய்யும் என்று யாரும் பேசவில்லை.

வகுப்பில் முதல் நாளே தலை முழங்காலைத் தொட்டது. ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். தினமும் இன்னும் ஆழமாகப் போனேன். ஆறு மாதத்தில், உட்கார்ந்தால் பிட்டத்தின் அடியில், நாற்காலியில் பதிகிற அந்த எலும்பு இருக்கும் இடத்தில், குத்தல் ஆரம்பித்தது. இறுக்கம் என்று நினைத்து இன்னும் நீட்டினேன், இன்னும் வலித்தது. பின்தொடைத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒட்டியிருக்கும் இடம் அது என்று பிசியோ சொன்னபோதுதான் தெரிந்தது. இடுப்பை ஆழமாக மடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாணை எலும்பின் மேல் வைத்து நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பழையபடி வேகமாக ஓட எட்டு மாதம் ஆயிற்று.

மெதுவோடி, தம்பி, நீங்கள் முன்வளைவில் இரண்டு நிமிடம் இருப்பதாக எழுதியதைப் படித்ததும் பக்கென்றது. உட்காரும்போது அங்கே வலி இருக்கிறதா?

மெதுவோடி:

இருக்கிறது, அக்கா. ஒரு மாதமாக வண்டி ஓட்டும்போது வலது பக்கம். பர்ஸை பின் பாக்கெட்டில் வைப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தடகளப்பழசு:

பர்ஸை எடுத்துவிடுங்கள், நல்லதுதான். பச்சிமோத்தானாசனத்தையும் எடுத்துவிடுங்கள். முதலில் பிசியோவைப் பாருங்கள். நான் இங்கிருந்து சொல்வது நோய் கணிப்பு இல்லை.

சவாசனப்பிரியை:

அக்கா சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். வளைவதைப் பாராட்டுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். பத்மாசனத்திலும் இதே கதைதான். இடுப்பு திரும்பாதவர் காலைப் பிடித்து ஏற்றினால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். முன்வளைவு வேண்டுமென்றால் முழங்காலை நன்றாக மடித்து, முதுகை நேராக வைத்து, பாதியிலேயே நில்லுங்கள். வலி இருக்கும்வரை அதுவும் வேண்டாம். சேதுபந்தாசனம் செய்யலாம். இடுப்பைத் தூக்கி, பின்தொடை வேலை செய்ய, அப்படியே பிடித்து நிற்பது.

எடைத்தட்டு:

அதன் பெயர் குளூட் பிரிட்ஜ். நான் தினமும் கொடுப்பது.

சவாசனப்பிரியை:

உங்கள் தாத்தாவுக்கு முன்னாலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், சார்.

எடைத்தட்டு:

சரி, பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டு வாரம் கழித்து அதை ஒற்றைக் காலில் செய்ய வேண்டும், அப்புறம் எடை சேர்க்க வேண்டும். நாணுக்குப் படிப்படியாகச் சுமை ஏறினால்தான் அது பலப்படும். உங்கள் வகுப்பில் சுமை ஏறுவதே கிடையாது. பத்து வருடம் வீரபத்ராசனத்தில் நின்றாலும் தூக்குவது அதே உடம்பு எடைதான். என் உண்மையான சண்டை இதுதான், நீட்டுவது பற்றி இல்லை.

இன்னொன்று, ஓட்டக்காரருக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும். குதிகால் நாண் ஒரு சுருள்வில். கால் பதியும்போது சேர்த்துவைத்து, எழும்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. உடம்பு வளையாத ஓட்டக்காரர்கள் அதே வேகத்துக்குக் குறைவான ஆக்சிஜன் செலவழித்ததைப் பார்த்த ஆய்வுகள் உண்டு. காலைத் தூக்கித் தலையில் வைக்க முடிவது மாரத்தானில் எந்தக் கிலோமீட்டரில் உதவும்?

சவாசனப்பிரியை:

தலையில் வைக்கச் சொன்னது யார்? இடுப்பு பின்பக்கம் திறக்காமல், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஓடுகிறவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். ஓடும்போது கால் பின்னால் போக வேண்டிய அளவுக்காவது போக வேண்டாமா?

எடைத்தட்டு:

வேண்டும். அதற்கும் முழு வீச்சில் செய்கிற லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து இறங்குவது), ஸ்குவாட் (குந்தி எழுவது) போதும். எடைப் பயிற்சியையும் நீட்டுவதையும் ஒப்பிட்ட 2021 தொகுப்பாய்வில் மூட்டின் வீச்சு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கூடியிருந்தது. ஒன்றில் பலமும் சேர்ந்து கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருப்பவர் எதை எடுப்பார்?

புதுவரவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஓய்வு நாளில் சூடான அறையில் செய்யும் யோகாவுக்குப் போகலாமா? வியர்த்தால் கழிவெல்லாம் போகும் என்கிறார்கள்.

குறுக்குக்கேள்வி:

40 டிகிரி அறையில் 90 நிமிடம் இருந்தால் போவது தண்ணீரும் உப்பும்தான். கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். அதை ஓய்வு நாள் என்று எழுதாதீர்கள், பயிற்சி நாள் என்று எழுதுங்கள். வேகமான பவர் யோகாவும் அப்படித்தான். தண்டால் மாதிரியான சதுரங்க தண்டாசனத்தில் முப்பது தடவை இறங்கி ஏறுவது நீச்சல்காரரின் தோளுக்கு ஓய்வா?

மெதுவோடி:

பிசியோவைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா சந்தேகப்பட்டதேதான், ஆனால் ஆரம்பக் கட்டம். ஆழமான முன்வளைவும் மேட்டில் ஓடுவதும் ஆறு வாரத்துக்குக் கிடையாது. சேதுபந்தாசனம் அல்லது குளூட் பிரிட்ஜ், உங்கள் இரண்டு பேரின் சண்டை முடியும்வரை நான் 'இடுப்புத் தூக்கல்' என்று எழுதிக்கொள்கிறேன், அதில் ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு எடை.

புதுத் திட்டம்: ஓடுவதற்கு முன் நான்கு சுற்று சூரிய நமஸ்காரம், முழங்காலை மடித்து. வாரம் இரண்டு நாள் எடை. இரவு விபரீதகரணியில் காலைச் சுவரில் வைத்துப் பத்து நிமிடம், மூச்சை எண்ணிக்கொண்டு. பத்து மணிப் படுக்கையை விடப்போவதில்லை. எடையைவிட யோகாதான் தேவை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். யோகா மனசுக்கு மட்டும்தான் என்ற நண்பரின் பேச்சை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குறுக்குக்கேள்வி:

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எழுதி வையுங்கள். முந்தின இரவு மூச்சுப் பயிற்சி செய்தீர்களா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் பக்கத்தில். ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றாதீர்கள், மறுபடியும் எது வேலை செய்தது என்று இங்கேயே வந்து அடித்துக்கொள்வோம்.

சவாசனப்பிரியை:

எடைத்தட்டு சாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பத்து நிமிடம் தரையில் மல்லாந்து படுத்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. செய்து பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

எடைத்தட்டு:

செய்தேன். மூன்றாவது நிமிடம் வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் மனைவி எழுப்பியது ஞாபகம் இருக்கிறது, தரையில் கிடக்கிறேன், மணி பன்னிரண்டரை.

சவாசனப்பிரியை:

சவாசனத்தில் தூங்கக் கூடாது, சார்.

எடைத்தட்டு:

விதியெல்லாம் இப்போதுதான் வருகிறதா?