பெருந்தொற்றுக் காலத்தில் விநியோகச் சங்கிலியும் குழந்தைத் தொழிலாளரும்

கேள்வி: நேரடி ஆய்வுக்கு ஆள் அனுப்ப இயலாத காலத்தில், துணை ஒப்பந்தக்காரர்கள் சிறுவர்களை வேலைக்கு வைக்கவில்லை என்பதை வாங்கும் நிறுவனம் எவ்வாறு உறுதி செய்வது?

மறுமொழி 1: ஆய்வுக்கு முன் உங்கள் கொள்முதல் முறையைப் பாருங்கள். முடித்துவைத்த சரக்குக்குப் பணம் தராமல் ஆர்டரை ரத்து செய்தால், கூலி நின்றுபோன வீட்டில், பள்ளியும் மூடிக் கிடக்கும்போது, பிள்ளைதான் வேலைக்குப் போக நேரிடும். பெருந்தொற்றால் 2022 முடிவுக்குள் மேலும் 90 லட்சம் குழந்தைகள் உழைப்பில் தள்ளப்படக்கூடும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2021இல் எச்சரித்தன.

மறுமொழி 2: உண்மைதான். ஆனால் பொத்தான் தைக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கொடுத்த எண்ணிக்கை பெரியவர் ஒருவரால் முடிக்கக்கூடியதுதானா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3: சிறுவர் இருப்பது தெரிந்தவுடன் ஒப்பந்தத்தை முறிக்காதீர்கள், அவர் இன்னும் மறைவான வேலைக்குத்தான் போவார். அந்த வேலையை வீட்டிலுள்ள பெரியவருக்கு மாற்றித் தரச் செய்யுங்கள்.