அடியில்லாத கிண்ணக்குழி

டைனோசர் உடற்கூறுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் பட்டியல் தொகுக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. விலா, தொடை எலும்பு, முள்ளெலும்பு எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் சீக்கிரம் முடிந்தன. மாட்டிக்கொண்டது இடுப்பில்தான். தொடை எலும்பின் தலை வந்து உட்காரும் இடத்தை அசிட்டாபுலம் என்பார்கள். லத்தீனில் அது வினிகர் ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணம். மனித இடுப்பிலும் கிண்ணம் போலத்தான் இருக்கும். அதனால் 'கிண்ணக்குழி' என்று எழுதிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப் வைத்த நாட்டுக்கோழியின் இடுப்பெலும்பை எடுத்து, பழைய பிரஷால் தேய்த்துக் காயவைத்தேன். தொடை கழன்ற இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அதன் வழியாக எதிரே வேப்பமரம் தெரிகிறது! தீக்குச்சியை விட்டேன், மறுபக்கம் வந்துவிட்டது. குழிக்கு அடியே இல்லை. பறவைகளும் டைனோசர் வம்சம்தானே. இப்படி அடி திறந்திருப்பது டைனோசர்களை இனம் காண உதவும் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அதைக் 'குழி' என்று எழுதினால் அந்த அடையாளமே மறைந்துபோகும். அன்றைக்கே அடித்துவிட்டு 'தொடைத்துளை' என்று மாற்றினேன்.

*

(இதைப் படித்த, இன்னொரு கலைச்சொல் தொகுப்பாளரின் பதில்) உங்கள் கோழி எலும்பு அனுபவத்தை மிகவும் ரசித்தேன். ஆனால் 'துளை' வேண்டாம் என்பேன். கவசம் போர்த்த டைனோசர்களான அங்கிலோசார்களில் அந்த இடம் மறுபடியும் எலும்பால் மூடியிருக்கிறது. 'தொடைப்பொருத்து' என்று பொதுவாக வைத்துக்கொண்டு, அடி திறந்தது, அடி மூடியது என்று விளக்கத்தில் பிரித்துச் சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மண்டையோட்டுச் சொற்களைத் தொகுத்தபோது நானும் இந்தத் 'துளை'யில்தான் விழுந்தேன். நரம்பும் ரத்தக்குழாயும் நுழையும் பொடி ஓட்டைக்கும் துளை, டிரனோசாரஸின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெரிய திறப்புக்கும் துளை. பத்தாவது படிக்கும் என் மகளிடம் படத்தை நீட்டி, "கண்முன் துளை எது?" என்று கேட்டேன். மூக்குத் துவாரத்தைக் காட்டினாள். அப்புறம்தான் அந்தப் பெரிய திறப்புக்கு அறிவியலில் வழங்கும் ஃபெனெஸ்ட்ரா என்ற சொல்லுக்கே லத்தீனில் ஜன்னல் என்று பொருள் என்பது உறைத்தது. 'கண்முன் சாளரம்' என்று மாற்றி எழுதி, ஒரு வாரம் கழித்து அதே படத்தைக் கொடுத்தேன். விரல் நேராகச் சரியான இடத்தில் போய் நின்றது.