கணையம் இல்லாத கடல் உயிரிகளில் இன்சுலின் எங்கே சுரக்கிறது?

கேள்வி (விலங்கியல் மாணவி):
வணக்கம். மீன் போன்ற வடிவமுள்ள, முதுகெலும்பில்லாத சிறு கடல் உயிரியான ஆம்பியாக்சஸுக்குக் கணையம் என்ற தனி உறுப்பு கிடையாது என்று வகுப்பில் படித்தோம். ஆனால் அதன் குடலிலேயே இன்சுலின் செல்கள் இருப்பதாக ஒரு நூலில் கண்டேன். சுரப்பி இல்லாமல் ஹார்மோன் எப்படிச் சுரக்கும்? விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்):
நல்ல கேள்வி. ஹார்மோனைச் சுரக்க ஒற்றைச் செல்லே போதும். அத்தகைய செல்கள் பல ஓரிடத்தில் திரளும்போதுதான் அதைச் சுரப்பி என்கிறோம். ஆம்பியாக்சஸின் குடற்சுவரில், உயரமான சாதாரண செல்களுக்கு நடுவே, இவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய குடல் செல்லின் மெலிந்த கழுத்து உட்குழிவரை நீண்டு, வரும் உணவை அங்கேயே உணர்கிறது. அகன்ற அடிப்பகுதியில் குவிந்துள்ள சுரப்பு மணிகளிலிருந்து ஹார்மோன் அடியிலுள்ள திசுவுக்குள் வெளியேறுகிறது. நம் சிறுகுடலிலும் இப்படிப்பட்ட செல்கள் உண்டு. 1902இல் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரெட்டின் என்ற ஹார்மோன் அவற்றிலிருந்தே வருகிறது.

அடுத்த நிலையைத் தாடையற்ற மீனான ஹேக்மீனில் காணலாம். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தைச் சுற்றி இன்சுலின் செல்கள் குடற்சுவரை விட்டு வெளியே வந்து, செரிமான நொதி சுரக்கும் திசு எதுவும் கலவாத ஒரு சிறு உறுப்பாகத் திரண்டிருக்கின்றன. நம் கருவிலும் கணையம் முன்குடலிலிருந்தே மொட்டு விடுகிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி (ஆய்வகப் பணியாளர்):
ஆசிரியர் கூறியதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பாலூட்டியின் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) கொண்டு சாயமிட்டு, வெளிறிய செல்களுக்கிடையே ஒரு செல் மட்டும் பழுப்பாகத் தெரிந்தால், அதில் இருப்பது இன்சுலினேதான் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் அதையொத்த வேறு பெப்டைடிலும் (சிறு புரதத்திலும்) எதிர்ப்புரதம் ஒட்டக்கூடும். 1990இல் ஆம்பியாக்சஸின் இன்சுலின் வகை மரபணு கண்டறியப்பட்டபோது, அது இன்சுலினின் இயல்பையும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் இயல்பையும் ஒருங்கே கொண்டிருந்தது. மேலும், இன்று வாழும் ஆம்பியாக்சஸ் நம் மூதாதை அன்று, உறவினர் மட்டுமே.

மாணவி:
மிக்க நன்றி. ஹேக்மீனின் அந்த உறுப்பில், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககானும் உண்டா?

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்):
இல்லை. அங்கே பெரும்பாலும் இன்சுலின் செல்களும், மற்ற ஹார்மோன்களின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் சொமாட்டோஸ்டாட்டினைச் சுரக்கும் மிகச் சில செல்களுமே உள்ளன. குளுக்ககான் வகைச் செல்கள் குடற்சுவரிலேயே தங்கிவிட்டன; சுறா போன்ற குருத்தெலும்பு மீன்களில்தான் அவை கணையத்துக்குள் இன்சுலின் செல்களோடு சேர்ந்திருக்கக் காண்கிறோம். ஆனாலும் அவை குடலை முற்றிலும் விட்டுவிடவில்லை: குளுக்ககான் மரபணு உருவாக்கும் அதே முன்னோடிப் புரதத்தை, நம் குடலின் எல் செல்கள் என்ற ஹார்மோன் செல்கள் வேறு இடங்களில் வெட்டி ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனாக வெளியிடுகின்றன.