அரைநாள் பள்ளி நாடகம்: வேடம் பிரிப்பதில் சிக்கல், யோசனை சொல்லுங்க

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடித்தே படிக்கட்டும் என்று இறங்கியிருக்கிறேன். எடுத்துக்கொண்டது 1953: ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம். மூன்று மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் அப்பாவின் தொழில். எதிர்ப்பு வலுத்து, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது.

நேற்று ஒத்திகையில் ஒருவன், "நீதான்டா சலவைக்காரர் மகன், உங்க தாத்தாவும் அதானே" என்றான். மற்றவன் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டான். அத்தோடு நிறுத்திவிட்டேன். சீட்டுக் குலுக்கி வேடம் கொடுக்கலாமா? தொழிலையே மாற்றினால் வரலாறு நீர்த்துப்போகும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்த வருடம் தொடக்கப்பள்ளியில் படித்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால், வகுப்பு விட்டதும் என்ன செய்தார்கள் என்று ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்களேன்.