புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு வலி, ஃபேசட் மூட்டு ஊசி

முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவுக்கு, பின்பக்கமாக வளைந்தாலும் திரும்பினாலும் இடுப்பில் வலி என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லாருக்கும் நன்றி. 'எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் தேய்மானத்தை மட்டும் நம்பாதீர்கள், மரப்பு ஊசி போட்டுச் சோதியுங்கள்' என்று ஓர் அண்ணாச்சி சொன்னதுதான் சரியாக அமைந்தது.

பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஃபேசட் மூட்டுக்கு (முதுகெலும்பின் பின்பக்கம் எலும்புகளை இணைக்கும் சிறு மூட்டு) போகும் நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். சில மணி நேரம் வலியே இல்லை. மரப்பு இறங்கியதும் திரும்ப வந்துவிட்டது. வலி அந்த மூட்டில்தான் என்பதற்கு அதுவே அடையாளம். இன்னொரு நாளும் போட்டு உறுதி செய்த பிறகே, ரேடியோ அலைச் சூட்டால் அந்த நரம்புகளைச் செயலிழக்க வைத்தார்கள்.

எதிர்பாராதது, அப்புறம் சில நாள் வலி கூடியது. ரொம்பப் பயந்துவிட்டோம், அது வழக்கம்தானாம். இப்போது அம்மா நிமிர்ந்து நடக்கிறார்கள். நரம்பு மீண்டும் வளர்ந்து வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.