ஒன்பதாவது படிக்கும் மகன் கூட்டாளிக்காகப் பொய் சொல்கிறான்

காட்பாடி அம்மா:
பையனுக்கு 14 வயது. போன வாரம் வகுப்பில் ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறான், யாரென்று இவனுக்குத் தெரியும், ஆனால் சாரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டான். "காட்டிக் கொடுத்தா யாரும் என்கூடப் பேச மாட்டாங்கம்மா" என்கிறான். அதோடு முகத்தில் ஒரு பரு வந்தால் போதும், டியூஷனுக்கே போக மாட்டேன் என்கிறான். என் பிள்ளை தப்பான வழியில் போகிறானா?

குடியாத்தம் டீச்சர்:
பயப்படாதீர்கள் மேடம். லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958-ல் சிகாகோவில் 10 முதல் 16 வயது வரையுள்ள 72 பையன்களிடம் சிக்கலான கதைகளைச் சொல்லி, எது சரி என்று கேட்டார். பதிலை விட, அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் கவனித்தார். அந்தக் காரணங்களை வைத்து அவர் பிரித்த படிகளில், அடிக்குப் பயப்படும் சின்ன வயதைத் தாண்டி, கூட இருப்பவர்கள் நம்மை நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்ற இடத்தில் உங்கள் பையன் நிற்கிறான். பருவும் அப்படித்தான். ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற இந்த நினைப்பை 1967-ல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றார்.

சத்துவாச்சாரி அப்பா:
உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டானே, அதுவே பெரிய விஷயம்மா. திட்டாமல், "வேற பையன் மேல பழி விழுந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டுப் பாருங்கள். என் மகளிடம் கோட்டை அகழி ஓரமாக நடக்கும்போதுதான் இதெல்லாம் பேசுவேன், எதிரில் உட்கார வைத்தால் வாயே திறக்க மாட்டாள்.

காட்பாடி அம்மா:
கேட்டேன் அண்ணா. ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் "அவனையே போய் சார்கிட்ட சொல்லச் சொல்றேன், நானும் கூடப் போறேன்" என்றான்.