கும்பகோணம் வீடு: குடும்பக் குழு

மீனா: அண்ணா, பரணை ஒழித்ததில் அப்பாவின் ரெக்கார்டுப் பெட்டி கிடைத்தது. அந்த எச்.எம்.வி பெட்டி பிளேயரும் இருக்கிறது. பிளக்கில் சொருகிப் பார்க்கட்டுமா?

சேகர் அண்ணா: தயவுசெய்து சொருகாதே மீனா! இத்தனை வருஷம் சும்மா கிடந்த மெஷின். கெப்பாசிட்டர் கெட்டிருக்கலாம், ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும். ரிப்பேர்காரர் திறந்து பார்க்கட்டும், அப்புறம் கரண்ட் கொடுக்கலாம். வேகக் குமிழில் 78 இருக்கிறதா? அப்பாவின் பழைய தட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுபவை.

மீனா: இருக்கிறது. 16, 33, 45, 78.

சேகர் அண்ணா: நல்லது. ரிட்டயர் ஆனபின் நான் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 அருமையான மெஷின். 1979-இல் வந்த மாடல், பெல்ட் கிடையாது, மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும். ஆனால் அதில் 33, 45 மட்டும்தான். அப்பாவின் 78-களுக்கு அப்பாவின் பிளேயர்தான் வேண்டும்.

கார்த்தி: மாமா, தூசி அப்பிக் கிடக்கிறது. சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா?

சேகர் அண்ணா: வேண்டவே வேண்டாம். 78 அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் கரைந்துவிடும். இப்போதைக்கு மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டு. கைதவறி விழுந்தால் உடையும், கவனம். ஊசியும் முக்கியம். 78-இன் பள்ளம் எல்பியை, அதாவது 33 வேகத்தில் ஓடும் பிற்காலத் தட்டை விட அகலம். எல்பி ஊசியை அதில் வைத்தால் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் எல்பி பாழ். பழைய பிளேயர் பலவற்றில் ஊசியைத் திருப்ப ஒரு சின்னக் காது இருக்கும். பார்த்துச் சொல்.

சாந்தா அத்தை: சேகரா, நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் இருக்கிறதா? அண்ணன் உயிராக வைத்திருந்தார்.

மீனா: இருக்கிறது அத்தை! உறை கிழிந்திருக்கிறது, தட்டில் கீறல் அதிகம் இல்லை.

சாந்தா அத்தை: அவரை நேரில் கேட்டிருக்கிறேன். அப்போது நான் சின்னப்பெண். சாமி புறப்பாட்டில் தோடியை எடுத்தாரானால் ஊரே அசையாமல் நிற்கும். 1956-இல் போய்விட்டார்.

கார்த்தி: போனிலேயே அவர் வாசித்தது கிடைக்கிறதே மாமா?

சேகர் அண்ணா: கிடைக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தக் காலத்து 78-கள் எல்லாமே இணையத்தில் ஏறிவிடவில்லை. அப்பா பெட்டியிலேயே அப்படி ஒன்று இருக்கலாம். இன்னொன்று, 78-இல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் அதற்குள் ராகத்தின் உருவத்தைக் காட்டியிருக்கிறார். வேலைக்கு ஓடிய காலத்தில் இதைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறேன். இந்த வயதில் என் காதுக்கு உச்ச ஒலிகள் குறைந்துவிட்டன, ஆனால் எந்தப் பிடியில், அதாவது எந்த ஸ்வரக் கோர்வையில், அவர் ஏறுகிறார் என்பது இப்போதுதான் கேட்கிறது.

கார்த்தி: சரி மாமா. உங்கள் டெக்னிக்ஸை எங்கள் சவுண்ட்பாரில் மாட்டிக் கேட்கலாமா?

சேகர் அண்ணா: நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். எல்பி வெட்டும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வது ப்ரீஆம்ப். அது இல்லாவிட்டால் சன்னமாக, பாஸே இல்லாமல் கேட்கும். என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

மீனா: தட்டுகளை எப்படி அடுக்குவது?

சேகர் அண்ணா: நிமிர்த்தி வை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதே. வெயில் படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்காரரோடு வருகிறேன்.

சாந்தா அத்தை: என்னையும் காரில் ஏற்றிக்கொள். தோடிக்கு முன்னால் வேறு எதையும் போடாதீர்கள்.